வீட்டு இன்சூரன்சை வாடகைக் கணக்கில் கழிக்கலாமா?



செம்மேட்டில் நடந்த குழுக் கூட்டத்துக்கு ஓர் அக்கா கையில் ரசீதோடு வந்தார். தன் வீட்டை ஓர் ஆசிரியருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். "வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டா வருமான வரியில கழிச்சுக்கலாம்னு ஏஜென்ட் சொன்னாரு. நெசமா?" என்று கேட்டார். இன்னும் பல பேருக்கு இந்தச் சந்தேகம் இருப்பதால் இங்கே விளக்குகிறோம்.

தனியாகக் கழிக்க முடியாது

குச்சிக்கிழங்கு, மிளகில் வரும் விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. வீட்டு வாடகை விவசாய வருமானம் ஆகாது. அதற்குக் கணக்கு இப்படி:

ஆண்டு வாடகை (மாதம் ரூ.4,000): ரூ.48,000
நாம் கட்டிய வீட்டு வரி: ரூ.600
மீதி: ரூ.47,400
இதில் 30 சதவீதக் கழிவு: ரூ.14,220
வாடகை வருமானம்: ரூ.33,180

வெள்ளையடிப்பு, ரிப்பேர், இன்சூரன்ஸ் எல்லாமே அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம். ஒரு பைசா செலவு செய்யாவிட்டாலும் இந்தக் கழிவு உண்டு. இருபதாயிரம் செலவு செய்தாலும் இதே கழிவுதான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்றாலும் இந்த 30 சதவீதம் மாறவில்லை.

தனியாகக் கழிப்பவை

1. வீட்டு வரி. அந்த ஆண்டில் நாமே கட்டியிருக்க வேண்டும்.
2. அந்த வீட்டைக் கட்ட, வாங்க, ரிப்பேர் செய்ய வாங்கிய கடனின் வட்டி. குழுக் கடனாக இருந்தாலும் சரி. அசலைக் கழிக்க முடியாது. பாஸ்புக்கைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆகாய கங்கை பார்க்க வருபவர்களுக்குச் சாப்பாட்டோடு அறை விடுபவர்களுக்கு அது தொழில் வருமானம். வரவு செலவுக் கணக்கு எழுதி வைத்தால் அங்கே இன்சூரன்ஸ் பணத்தைச் செலவாகக் கழிக்கலாம்.

"அப்போ இன்சூரன்ஸ் எதுக்கு?"

அந்த அக்கா அடுத்து கேட்டது இதுதான். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரியே கிடையாது. நம்மில் பெரும்பாலோருக்கு மிச்சம் பிடிக்க வரியே இல்லை! ஆகவே வரியைக் காட்டி பாலிசி விற்றால் ஏமாற வேண்டாம்.

ஆனால் இன்சூரன்சை விட்டுவிடாதீர்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டைத் தருகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், மண்சரிவால் வீடு சேதமானால் இழப்பீடு உண்டு. குடியிருக்க முடியாமல் போனால் நின்றுபோகும் வாடகைக்கும் இதில் வழி இருக்கிறது. நம் மலையில் மழைக்காலம் எப்படி என்று நமக்குத் தெரியாதா?

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "வரிக்காக வேண்டாம், கூரைக்காகக் கட்டுறேன்."

நினைவில் கொள்வோம்: கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வோம். ரசீதைப் பத்திரப்படுத்துவோம்!