உங்களுக்குத் தெரியுமா? 18 பேர் வைத்த கோரிக்கை

6 வினாடி வீடியோக்களுக்கான 'வைன்' செயலியிடம், அதன் முன்னணி நட்சத்திரங்கள் சுமார் 18 பேர் 2015-இல் ஒன்றுசேர்ந்து பேரம் பேசினார்கள். கேட்ட தொகை: தலைக்கு 12 லட்சம் டாலர்! கொடுத்தால் மாதம் 12 வீடியோ. மறுத்தால், மூட்டை கட்டிவிடுவோம் என்றார்கள்.

● பணம் மட்டும் அல்ல. கமெண்டுகளில் வரும் வசவுகளை வடிகட்டும் வசதியும் வேண்டும் என்றார்கள்.

● நிறுவனம் மறுத்தது. நட்சத்திரங்கள் பலர் யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கம் போனார்கள். ரசிகர்களும் பின்னாலேயே போனார்கள்.

● 2012-இல் வைனை விலைக்கு வாங்கிய ட்விட்டர், 2016 அக்டோபரில் அதற்கு மூடுவிழா அறிவித்தது. 2017 ஜனவரியில் செயலி நின்றது.

● விளம்பர வருமானத்தில் பங்கு தரும் ஏற்பாடு வைனில் இருந்ததே இல்லை. யூடியூப் அதை 2007-லேயே தொடங்கிவிட்டது. வழக்கமான நீள வீடியோக்களில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்கு, மீதி நிறுவனத்துக்கு.

● ஹாலிவுட்டில் வைன் நட்சத்திரங்கள் பலர் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் வசித்தார்கள். அதன் முகவரி? 1600, வைன் தெரு!