வினவவும் கற்போம்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் வினாச்சொற்களைத் தடையின்றி ஒப்புவிப்பர். 'ஹூ' என்றால் யார். 'வட்' என்றால் என்ன. 'வெயர்' என்றால் எங்கே. 'வென்' என்றால் எப்பொழுது. ஆயினும் நம் பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. அங்கு விரிவுரையின் நடுவே ஐயம் எழுந்தால் இதே மாணவருட் பலர் வினவ நாவெழாது வாளாவிருக்கின்றனர். சொல் தெரிந்தும் வினா அமையாதது ஏன்?

இடர்ப்பாடு சொல்லில் இல்லை; அது நிற்கும் இடத்தில் உள்ளது. 'கண்ணன் நேற்றுக் கண்டிக்குச் சென்றான்' என்னும் வாக்கியத்தை நோக்குவோம். கண்ணன் இருந்த இடத்தில் 'யார்' என்றோ, நேற்று இருந்த இடத்தில் 'எப்பொழுது' என்றோ, கண்டிக்கு என்பதன் இடத்தில் 'எங்கே' என்றோ வைத்தால் வினா பிறந்துவிடும். ஏனைய சொற்கள் அசைவதில்லை.

ஆங்கிலத்தின் இயல்பு வேறு. அங்கே வினாச்சொல் வாக்கியத்தின் முதலுக்கு வரும். வேறு துணைவினை இல்லாதவிடத்து 'டிட்' என்பது எழுவாய்க்கு முன்னே வந்து நிற்கும். இறந்தகாலத்தை அதுவே தாங்குதலால் 'வென்ட்' என்பது 'கோ' என மாறும். ஆகவே 'வெயர் டிட் கண்ணன் கோ?' என்பதே முறை. 'வெயர் கண்ணன் வென்ட்?' என்பது வழு. எழுவாயையே வினவும்போது மட்டும் இத்துணை வேண்டுவதில்லை: 'ஹூ வென்ட் டு கண்டி?'

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கண்ணன் எங்கே சென்றான் என்று தெரியாது என்பதை 'ஐ டோன்ட் நோ வெயர் கண்ணன் வென்ட்' என்போம். தனி வினாவில் வழுவாயிருந்த அதே சொல்லொழுங்கு, மற்றொரு வாக்கியத்தின் உறுப்பானதும் சரியாகிவிடுகிறது!

இவற்றை விதிகளாக மனனஞ் செய்வதால் மட்டும் பயன் விளையாது. நம் வகுப்பறைகளிலே வினவுவோர் ஆசிரியர். விடை கூறுவோர் மாணவர். நாள் முழுவதும் விடையே கூறிவரும் பிள்ளைக்கு வினவும் பழக்கம் எங்ஙனம் வரும்?

வீட்டிலே பெற்றோர் ஒன்று செய்யலாம். ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து சிறியதொரு வாக்கியத்தைப் பிள்ளை தெரிந்தெடுக்கட்டும். அதன் ஒவ்வொரு பகுதியும் விடையாக வருமாறு வினாக்களை அமைத்து வாய்விட்டுக் கேட்கட்டும். விடை கூறுவது பெற்றோர் பணியாகட்டும். ஆங்கிலம் அறியாத தாய் தமிழிலே ஒரு வினாவைக் கூறி, அதனை ஆங்கிலத்திற் கேட்கும்படி பணிக்கலாம். நாளொன்றுக்கு 5 வினாக்கள் போதும்.

விடை கூறும் மாணவன் தான் அறிந்ததைக் காட்டிப் புள்ளி பெறுகின்றான். அறியாததை அறிந்துகொள்ள அவனுக்கு வினவத் தெரிந்திருக்க வேண்டும்.