உங்களுக்குத் தெரியுமா? சாட்டி மணலும் எலுமிச்சம்புல்லும்

வேலணைத் தீவின் சாட்டியில் கடல் கூப்பிடு தூரத்தில்தான். ஆனாலும் கிணற்றில் ஊறுவது நன்னீர். மணலிலும் சுண்ணக்கல்லிலும் இறங்கிய மாரி மழை, அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்பதே காரணம். அளவு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலேறிவிடும். அதனால் கிணற்றடியில் வழிந்தோடும் தண்ணீரை வீணாக்காமல் வளர்க்க எலுமிச்சம்புல் அருமையான பயிர்.

இந்தப் புல் பூப்பது மிக அரிது. விதைக்கு அலைய வேண்டாம். மூத்த பற்றையிலிருந்து வேரோடு ஒரு கன்றைப் பிரித்து, ஓலையைப் பாதியாக நறுக்கி, மாரி தொடங்கும் ஐப்பசியில் நடுங்கள். கன்றுக்குக் கன்று இரண்டடி இடைவெளி போதும். மணல் சத்தைப் பிடித்து வைக்காது. ஆகவே குழியில் பூவரசங்குழையும் மாட்டெருவும் இட்டு மூடுவது அவசியம். வெள்ளம் தேங்கினால் வேர் அழுகும்.

நாலைந்து மாதத்தில் முதல் அறுவடை. தேநீருக்கு ஓலை வேண்டுமானால், நிலத்திலிருந்து நாலைந்து அங்குலம் விட்டு வெட்டுங்கள், மீண்டும் தழைக்கும். மீன் குழம்புக்குத் தண்டு வேண்டுமானால், விரல் பருமனான ஓரக்கன்றை அடியோடு பிடுங்குங்கள். ஓலை விளிம்பு கையை அறுக்கும், கவனம்!

மணம் தருவது சிட்ரால் என்னும் பொருள். இந்தப் புல்லிலிருந்து வடிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதுவே. வாசனைத் திரவியத் தொழிலுக்கும் உயிர்ச்சத்து ஏ தயாரிப்பதற்கும் அது மூலப்பொருள். கேரளத்தின் ஓடக்காலியில் இந்தப் புல்லினத்தை ஆராயவென்றே 1951இல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.