குகேஷாலதான் தங்கம் போச்சா?

செஸ் பத்திப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடுவாங்க: "2022 மாமல்லபுரத்துல குகேஷ் அந்த ஒரு கேமைக் கோட்டை விடலைன்னா தங்கம் நமக்குத்தான்." இன்னைக்கு இந்த ஒரு வரியை மட்டும் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல நடந்தது என்ன? 44வது செஸ் ஒலிம்பியாட், நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துல, ஈசிஆர் பக்கம் பூஞ்சேரியில நடந்துச்சு. குகேஷுக்கு அப்போ 16 வயசு. இந்தியா-2 அணிக்கு முதல் போர்டு. முதல் 8 ரவுண்டும் வெற்றி. எட்டாவதா வீழ்ந்தவர் அமெரிக்காவோட கருவானா. பத்தாவது ரவுண்டுல உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ்கிட்ட, நல்ல நிலையில இருந்த ஆட்டத்தைத் தோத்தார். மேட்ச் 2-2. கடைசியில உஸ்பெகிஸ்தான் தங்கம், ஆர்மீனியா வெள்ளி, இந்தியா-2 வெண்கலம்.

இப்போ கணக்கைப் பாருங்க. ஒரு மேட்சுல நாலு போர்டு. அன்னைக்கு பிரக்ஞானந்தா ஜெயிச்சார், மத்த ரெண்டு போர்டும் ட்ரா. அந்த ரெண்டுல ஒண்ணு வெற்றியா மாறியிருந்தாலும் மேட்ச் நமக்குத்தான். ஆனா அதை யாரும் பேசல. ஏன்னா ட்ரா கண்ணுல படாது, தோல்வி படும். ஐடியிலயும் இதே கதைதான்: சர்வர் விழுந்தா கடைசியா கோட் போட்டவரைத்தான் முதல்ல தேடுவாங்க.

சரி, அப்போ ஒருத்தரோட ஆட்டத்தை எப்படித்தான் அளக்குறது? செஸ்ல அதுக்கு 'பெர்ஃபார்மன்ஸ் ரேட்டிங்'னு ஒண்ணு இருக்கு. எதிராளிகளோட சராசரி ரேட்டிங்கை எடுத்து, நீங்க எத்தனை சதவீதம் புள்ளி வாங்கினீங்களோ அதுக்கேத்த மாதிரி கூட்டணும். 50 சதவீதம்னா கூட்டல் பூஜ்யம். 75 சதவீதம்னா 193. பலமானவங்களை ஜெயிச்சா தனி மதிப்பு. குகேஷுக்கு 11 கேமுல 9 புள்ளி, ரேட்டிங் 2867. அந்தத் தோல்வியும் இதுல அடக்கம். அதோடயே முதல் போர்டுல தனிநபர் தங்கம் அவருக்குத்தான்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு: அணியோட இடத்தை வச்சு ஆளை எடை போடுறது. அதே ஒலிம்பியாட்டுல கார்ல்சன் முதல் போர்டுல வெண்கலம் வாங்கினார். அவரோட நார்வே வந்த இடம் 59. அவர் மோசமா ஆடினார்னு சொல்வீங்களா?

ஐஸ் ஹாக்கியில இந்தச் சிக்கல் இன்னும் பெருசு, ஏன்னா கோல்கீப்பர் தனியா நிக்கிறவர். 2003 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று ஏழு ஆட்டம் போச்சு. நியூ ஜெர்சிகிட்ட அனஹைம் தோத்துச்சு. ஆனா பிளேஆஃப்ஸோட சிறந்த வீரர் விருது, தோத்த அணியோட கோல்கீப்பர் ஜிகேருக்குப் போச்சு. தடுப்பாட்டக்காரங்க எத்தனை ஷாட்டை விடுறாங்க, எவ்வளவு கிட்ட இருந்து விடுறாங்கன்றது அவர் கையில இல்லையே!

ஒரு எச்சரிக்கை. சின்ன எண்ணிக்கையில எந்த அளவும் ஆடும். 30 ஷாட்டுல 27 தடுத்தா 90 சதவீதம். இன்னும் ஒண்ணு உள்ள போனா 86.7. ஒரே ஒரு ஷாட் ஒருத்தரை ஹீரோவுலேர்ந்து வில்லனாக்கிடும். 11 கேமும் அப்படித்தான். அதனால 2867ஐ வச்சு "இவர்தான் உலகத்துலயே பெஸ்ட்"னும் அப்போ சொல்லியிருக்க முடியாது.

அடுத்த தடவை யாரையாவது குறை சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எதிர்ல நின்னது யாரு? எத்தனை வாய்ப்பைப் பார்த்து இதைச் சொல்றோம்? அன்னைக்கு மத்தவங்க என்ன பண்ணாங்க?

குகேஷ் விஷயத்துல பதில் வர ரெண்டு வருஷம்தான் ஆச்சு. 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டுல அதே முதல் போர்டுல 10 கேமுல 9 புள்ளி. இந்தத் தடவை இந்திய அணிக்கும் தங்கம். அந்த டிசம்பர்லயே உலக சாம்பியன். பூஞ்சேரியில தோத்த அந்த ஒரு கேமை மட்டும் பார்த்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருந்திருக்கும். பதினொண்ணையும் பார்த்தவங்களுக்கு அவ்வளவா இருந்திருக்காது.