ஒரு குளிசை, இரண்டு மருந்து



வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் விடயம் இது. என் வீட்டாரின் சம்மதத்துடனேயே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் இருந்த போது அவருக்குச் சலக்கடுப்பு ஏற்பட்டது. டொக்டர் துண்டு எழுதித் தந்தார். இரண்டு நாளில் எரிவு நின்றதும் மீதிக் குளிசைகள் அலுமாரிக்குள் போயின. பின்னர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அவருடைய தங்கை, தனக்கும் அதே உபாதை என்று காதோடு காதாகச் சொல்ல, அந்த மீதி கை மாறியது. தங்கை அப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி.

அந்தக் குளிசை கோ-ட்ரைமொக்சசோல். பார்வைக்கு ஒன்று, உள்ளே மருந்துகள் இரண்டு: சல்பாமெதொக்சசோல் 400 மில்லிகிராம், ட்ரைமெதொப்ரிம் 80 மில்லிகிராம். 1960களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. ட்ரைமெதொப்ரிமை உருவாக்கிய ஆய்வுகூடத்தின் ஹிச்சிங்ஸும், கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணியும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்கள்.

ஏன் இரண்டு? கிருமி பெருகுவதற்குப் போலேட் என்ற சத்து வேண்டும். நமக்கு அது கீரையிலும் பருப்பிலும் கிடைக்கிறது. கிருமியோ தானே தயாரித்துக் கொள்கிறது. அந்தத் தயாரிப்பின் ஒரு படியைச் சல்பா மறிக்கும். அடுத்த படியை ட்ரைமெதொப்ரிம் மறிக்கும். ஒரு காவலைத் தாண்டினாலும் மற்றதில் அகப்படும்.

இப்போது தங்கையின் நிலையை யோசித்துப் பாருங்கள். சிசுவின் மூளையும் முள்ளந்தண்டும் சரிவர உருவாகவே கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் போலிக் அமிலக் குளிசை கொடுக்கிறார்கள். அந்தச் சத்துக்கே எதிரான மருந்தை அதே வாரங்களில் அவர் விழுங்கிக் கொண்டிருந்தார்!

அமொக்சிசிலினுடன் கிளவுலானிக் அமிலம் சேர்ந்த குளிசையும் உண்டு. அமொக்சிசிலினை உடைக்கச் சில கிருமிகள் ஒரு நொதியம் சுரக்கும். அதைக் கட்டிப் போடுவதே கிளவுலானிக் அமிலத்தின் வேலை.

இரண்டு சேர்ந்தால் இரட்டிப்புப் பலம் என்று எண்ண வேண்டாம். சாதாரண சலக்கடுப்புக்கு ட்ரைமெதொப்ரிம் தனியாகவே ஏறக்குறைய அதே பலனைத் தரும். அத்துடன், பெரும்பாலும் இந்நோயைத் தரும் ஈ. கோலைக் கிருமி, பல நாடுகளில் இவ்விரண்டுக்கும் பழகிவிட்டது. அதனால் நைட்ரோபியூரன்டொயின் போன்ற தனி மருந்தையே பல வைத்தியர்கள் நாடுகிறார்கள். எந்த மருந்து எடுபடும் என்பதைச் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை இரண்டு மூன்று நாளில் காட்டும். முதல் குளிசை போடுமுன் சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். நம்மவர்கள் போட்ட பிறகுதான் கொண்டு போகிறோம்.

மருந்தின் கம்பனிப் பெயரை விட்டு மூலப் பெயரை முன்வைத்தவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைவதற்கு அவரே காரணர். சல்பா ஒத்துக்கொள்ளாத பெண் பெட்டியில் தேட வேண்டியதும் அந்த மூலப் பெயரைத்தான். கம்பனிப் பெயர்கள் பல.

மார்க்கத்தை அறிவதற்கு அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) புகழ்ந்ததை அறிவீர்கள். வைத்தியரிடமும் அப்படியே கேளுங்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்றாலும் கேளுங்கள். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புறத்தில் நோவு, வாந்தி என்றால் கிருமி சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணியாயின் வெறும் எரிவுக்கே போக வேண்டும்.

தங்கை மூன்று குளிசைகள் விழுங்கியிருந்தார். லேடி டொக்டர் அதை நிறுத்தி, கல்ச்சர் எடுத்து, கர்ப்பிணிக்கு ஏற்ற வேறொரு மருந்தை ஏழு நாள் கொடுத்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஏழு மாதமும் என் வீட்டார் சரியாகத் தூங்கவில்லை.