பகல் 2 மணிக்கு நடை சாத்தும் தேசம்

ஸ்பெயின் தேசத்துக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறீர்களா? பேஷ்! டிக்கெட் வாங்கியாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது, பெட்டிக்குள் ஊறுகாய் பாட்டில் கூட ஏறிவிட்டது. ஆனால் ஒரே ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அந்த ஊர்க் கடிகாரத்தோடு இப்போதே ஒரு சமாதானம் செய்துகொண்டு விடுங்கள்!

செவில் நகரத்தையே எடுத்துக்கொள்ளுவோம். காலை 10 மணியிலிருந்து கடைத்தெரு கலகலவென்று இருக்கும். 2 மணி அடித்ததோ இல்லையோ, துணிக்கடை, செருப்புக்கடை, புத்தகக் கடை எல்லாம் ஒவ்வொன்றாகக் கதவை இழுத்து மூடும். மறுபடி திறக்க 5 மணி, சில கடைகளில் 5.30 மணி ஆகும். பிறகு இரவு 8.30 வரையில் வியாபாரம் நடக்கும். சாப்பாட்டு விடுதிகளோ இதற்கு நேர்மாறு. பகல் சாப்பாடு 1.30 மணிக்குத்தான் ஆரம்பம். 4 மணிக்கு அடுப்பை அணைத்து விடுவார்கள். அப்புறம் இரவு 8.30 அல்லது 9 மணிக்குத்தான் மீண்டும் அடுப்பு எரியும்.

"என்ன சோம்பேறி ஜனங்கள்!" என்று சொல்லிவிடாதீர்கள். கடைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, இரவு 8.30 வரை நிற்கிறாரே! அந்த இடைவேளையில் பலர் தூங்குவது கூட இல்லை. தெற்கே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது சகஜம். அந்த வேளையில் கடை திறந்து வைத்தால் ஈ தான் ஓட்ட வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'ஸியெஸ்டா' என்று அவர்கள் சொல்லும் பகல் ஓய்வுக்கு, சூரிய உதயத்திலிருந்து ஆறாவது மணி என்று பொருள்படும் லத்தீன் சொல்லே மூலம். அதாவது உச்சிப் பொழுது. உச்சி என்றால் 12 மணி அல்லவா என்று கேட்பீர்கள். ஸ்பெயின் இருப்பது இங்கிலாந்துக்கு நேர் தெற்கே. ஆனால் 1940-ஆம் ஆண்டில், பிராங்கோ ஆட்சியின்போது, ஜெர்மனியின் நேரத்துக்கு ஒத்துப்போகும்படி கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதைத் திருப்பி வைக்கவே இல்லை. கோடையில் இன்னொரு மணியும் சேர்ந்து கொள்கிறது. அதனால் கோடையில் மாட்ரிட் நகரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் 2 மணியைத் தாண்டி விடுகிறது. 2 மணிக்குச் சாப்பிடுகிறவர் சூரியனைக் கேட்டால் சரியான வேளைக்குத்தான் சாப்பிடுகிறார்! நம் ஊர்க் கோயில்களில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துவதில்லையா? அங்கே கடைத்தெருவுக்கு நடை சாத்துகிறார்கள், அவ்வளவுதான்.

இதிலே விளையாட்டு இல்லாத விஷயம் ஒன்று உண்டு. உங்களுடன் சர்க்கரை வியாதிக்கு மருந்தோ ஊசியோ போட்டுக்கொள்ளும் பெரியவர் வரலாம். நம் வழக்கப்படி இரவு 7 மணிக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பி மருந்தைக் கொடுத்துவிட்டு, 9 மணி வரை விடுதி வாசலில் காத்திருந்தால் ஆபத்து. புறப்படும் முன்பே டாக்டரிடம் சாப்பாட்டு வேளை மாறப்போவதைச் சொல்லி, மருந்து வேளையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் பிஸ்கோத்தும் பழமும் எப்போதும் இருக்கட்டும்.

இனி, நாளை எப்படி வகுத்துக்கொள்வது?

காலையில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய ரொட்டி, பால் காப்பி. 10 முதல் 2 வரை கடை கண்ணி. 2 மணிக்கு முக்கியமான சாப்பாடு. 'மெனு தெல் தியா' என்று பலகையில் எழுதியிருந்தால் உள்ளே நுழையுங்கள். இரண்டு பதார்த்தங்கள், ரொட்டி, பானம், கடைசியில் இனிப்பு எல்லாம் ஒரே விலையில் கிடைக்கும். சைவர்கள், சூப்பின் மேல் கூடப் பன்றி இறைச்சி தூவுவார்கள் என்பதை நினைவில் வைத்து முதலிலேயே விசாரியுங்கள். 'தோர்த்தில்யா' என்னும் உருளைக்கிழங்கு அடையில் முட்டை உண்டு.

கடைகள் மூடிய நேரத்தை வீணாக்காதீர்கள். ஊர் விட்டு ஊர் போக அதுவே நல்ல வேளை. மாட்ரிட்டிலிருந்து செவிலுக்கு அதிவேக ரயில் சுமார் 2.30 மணியில் கொண்டு சேர்க்கும். மாட்ரிட்டின் பிராடோ சித்திரசாலை பகல் முழுவதும் திறந்திருக்கும். மாட்ரிட், பார்சிலோனா போன்ற பெரிய நகரங்களில் பெரிய கடைகளும் மத்தியானம் மூடுவதில்லை. சின்ன ஊர்களுக்குப் போகும்போதுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

குழந்தைகள் 9 மணி வரை தாங்குவார்களா என்ற கவலை வேண்டாம். அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் மாலையில் 'மெரியெந்தா' என்ற டிபன் உண்டு. காப்பிக் கடைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

மருந்துக் கடையும் மத்தியானம் மூடியிருக்கலாம். பச்சைச் சிலுவை அடையாளமுள்ள கடையின் கதவைப் பாருங்கள். அன்றைக்கு முறைப்படி திறந்திருக்க வேண்டிய கடையின் விலாசம் அதில் ஒட்டியிருக்கும். 'ஃபார்மாஸியா தே குவார்தியா' என்பது அதன் பெயர். அவசரத்துக்கு டெலிபோன் எண் 112. இந்த இரண்டையும் குடும்பத் தலைவி ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்வது நலம்.

வெயில் தாழ்ந்து கதவுகள் திறந்ததும் பாருங்கள்! தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் கைக்குழந்தை என்று ஊரே தெருவில் உலாவ வந்துவிடும். மத்தியானம் ஓய்வெடுத்தவர்களுக்குத்தான் அந்த உலாவில் கால் வலிக்காது!