கமக்காரரும் மின்னஞ்சற் பெட்டியும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருட் பலருக்கு இன்றும் வீட்டு இலக்கத்துடன் கூடிய தபால் முகவரி இல்லை. அவர்களுக்கு வருங் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தை அடைந்து, பிறர் கைமாறியே லயத்துக்கு வருகின்றன. நேர்முகத் தேர்வுக்கு அழைக்குங் கடிதம், தேர்வு முடிந்தபின் கிடைத்தால் யாது பயன்? மின்னஞ்சலுக்கு வீட்டு இலக்கம் வேண்டியதில்லை. ஆதலின், லயத்தோரத்திற் போஞ்சி நடுவோருக்கும் மகியங்கனையில் நெல் விதைப்போருக்கும் அது ஒப்பப் பயன்படும்.

ஆயினும், பலர் கடையொன்றிற் பெட்டியைத் திறப்பித்து, மறைச்சொல்லை அங்கேயே விட்டு வருகின்றனர். அப்போது கடிதம் மீண்டும் பிறர் கையிலேயே இருக்கின்றது. ஆகவே, உங்கள் பெட்டியை உங்கள் கைத்தொலைபேசியில் நீங்களே அமைத்தல் வேண்டும்.

வயலுக்கு நீர் பாயும் வாய் ஒன்று. வடியும் வாய் வேறொன்று. மின்னஞ்சலும் அவ்வாறே. கடிதம் வருவதற்கு ஐமேப் என்னும் முறையும், போவதற்கு எஸ்.எம்.ரி.பி. என்னும் முறையும் உள்ளன. கடிதம் வந்தும் அனுப்ப இயலாவிடின், போகும் வாயின் அமைப்பையே சோதித்தல் வேண்டும்.

அமைக்கும் முறை பின்வருமாறு:

1. தண்டர்பேர்ட் போன்ற அஞ்சற் செயலியைத் திறந்து, உங்கள் முகவரியை ஆங்கில எழுத்திற் பிழையின்றி இடுக.

2. ஜீமெயில் முகவரியாயின், கூகிளின் உள்நுழைவுப் பக்கம் தோன்றும். அங்கு மறைச்சொல்லை இடுக. எஞ்சிய விபரங்கள் பெரும்பாலும் தாமாகவே நிரம்பும்.

3. நிரம்பாவிடின், அஞ்சற் சேவையாளர் அறிவித்துள்ள வழங்கிப் பெயர்களை எழுதுக. வரும் வாய்க்கு 993 என்ற எண்ணும், போகும் வாய்க்கு 587 அல்லது 465 என்ற எண்ணும் வழக்கிலுள்ளன.

4. பொப் என்னும் பழைய முறையைத் தெரிவு செய்யற்க. அதிற் கடிதங்கள் தொலைபேசிக்கு இறக்கப்பட்டபின் வழங்கியிலிருந்து நீங்கிவிடக்கூடும். தொலைபேசி சேற்றில் வீழ்ந்தால் அவையும் போம். ஐமேப் முறையிற் கடிதங்கள் வழங்கியிலேயே இருக்கும்.

5. உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் அனுப்புக. அது திரும்பி வந்தால் இரு வாய்களும் சரி.

வெலிமடையில் உருளைக்கிழங்கு இலை கருகக் கண்டால், இலையின் இரு பக்கத்தையும் முழுச் செடியையும் படமெடுத்து, நட்ட திகதியையும் தெளித்த மருந்தையும் எழுதி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பலாம். ஜீமெயிலில் ஒரு கடிதத்துடன் 25 மெகாபைட் வரையான படங்களை இணைக்கலாம். மலைச்சரிவில் அலைவரிசை குன்றுமாயின், கடிதம் போகாது தங்கிவிடும். ஆதலின், 'அனுப்பியவை' என்னும் பகுதியில் அது உள்ளதா எனப் பார்த்தல் அவசியம்.

முன்னரே கடையிற் பெட்டி திறந்தோர், மறைச்சொல்லை இன்றே மாற்றுக. கணக்கை மீட்பதற்குரிய தொலைபேசி இலக்கம் உங்களுடையதுதானா எனவும் பார்க்க. அது கடைக்காரருடையதாயின், பெட்டியின் திறவுகோல் இன்னும் அவரிடமே உள்ளது. மறைச்சொல்லை எந்த உத்தியோகத்தருக்கும் கூறற்க. எம்மிடமுங் கூற வேண்டியதில்லை.

ஐயம் எழுமாயின், போதனாசிரியரை நாடுக. அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்துடன் பேசிப் பயிர் ஆலோசனை பெறுக. உங்கள் பெயருக்கு வருங் கடிதத்தை முதலிற் படிப்பவர் நீங்களாகவே இருத்தல் வேண்டும்.